ரவுட்டர் நிலைப்பொருள்: மலாக்கா வீடுகளில் ஒரு தேர்வு

ரவுட்டர் நிலைப்பொருள் என்பது வீட்டு இணையப் பெட்டிக்குள் இருக்கும் இயக்க மென்பொருள். அதை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம் என்பது தெரியாமலே பெட்டியின் ஆயுள் வரை ஓட்டிவிடுபவர்கள்தாம் அதிகம். மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் இந்தப் பேச்சைக் கிளப்புவது பெரும்பாலும் விளையாட்டு. வெலோரண்ட் ஆட்டத்தின் நடுவே லேக் அடித்ததும் கேள்வி வரும்: எட்டு ஆன்டெனா நீட்டிய கேமிங் ரவுட்டர் வாங்குவதா, திறந்த மூல மென்பொருளை ஏற்றுவதா?

தூரத்தின் மேல் பழி போட முடியாது. வெலோரண்ட், டோட்டா 2 ஆட்டங்களின் வட்டார சர்வர்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும். மலாக்காவிலிருந்து அங்கே போய்த் திரும்ப இரண்டு மூன்று மில்லி விநாடி போதும். சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. அக்கா கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாக்கெட்டுகள் பெட்டியின் நினைவகத்தில் வரிசை கட்டுகின்றன. தம்பியின் ஆட்டத்துக்குரிய பொடிப் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. 10 மில்லி விநாடியில் இருந்த பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், 200, 300 என்று தாவுகிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் தந்த கோடல் என்ற முறை இந்த வரிசையைக் குட்டையாகவே வைத்திருக்கும். அதன் வழியில் வந்த எஃப்கியூ-கோடல், கேக் இரண்டும் திறந்த மூல உலகின் சொத்து.

அந்த உலகத்தின் தொடக்கம் ஒரு நீலக் கறுப்புப் பெட்டி. லிங்க்சிஸ் 2002 இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மூலநிரலைத் திறந்து தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமப்படி 2003இல் அது வெளிவந்தது. மறு ஆண்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல நிலைப்பொருள் திட்டம் பிறந்தது. பெயரின் கடைசி மூன்று எழுத்தும் அந்தப் பெட்டியுடையவை.

கேமிங் நிலைப்பொருள் என்று விற்கப்படுவதில் கொஞ்சம் சரக்கும் நிறைய வர்ணமும் உண்டு. நெட்கியர் எக்ஸ்ஆர்500இல் 2018இல் வந்த டூமாஓஎஸ், தூரத்துச் சர்வர்களை வடிகட்டும். இது உருப்படியான வசதி. ஆனால் சிங்கப்பூர் சர்வரையே தேர்ந்து ஆடுபவருக்குப் பெரிதாகப் பயனில்லை. எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் ஏசுஸின் அடாப்டிவ் கியூஓஎஸ், ட்ரெண்ட் மைக்ரோவின் பொறியை நம்பியது. அதை முடுக்கும் முன் தரவுப் பகிர்வுக்குச் சம்மதம் கேட்கும்.

மலேசிய வீடுகளில் கவனிக்க வேண்டிய முடிச்சு ஒன்று இருக்கிறது: விலேன் எண், அதாவது ஒரே இணைப்பில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண். டெலிகாம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை ஃபைபர் சேவையைத் தொடங்கியது. அன்றிலிருந்து இணையம் விலேன் 500இலும் தொலைக்காட்சி 600இலும் வருகின்றன. ஏசுஸ் பெட்டியில் ஐபிடிவி பக்கத்துப் பட்டியலிலேயே 'யூனிஃபை-ஹோம்' இருக்கும். தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் 500 என்ற எண்ணை நாமே இணையம் வந்து சேரும் வேன் (WAN) முனையில் பொருத்தி, அதன்மேல் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பை அமைக்க வேண்டும். எண் தப்பினால் இணையமே வராது.

ஆரம்ப கால யூனிஃபை வீடுகளுக்கு வந்த டி-லிங்க் டிஐஆர்-615ஐத் தூசி தட்டி எடுப்பவர்களும் உண்டு. அது வீண் வேலை. அதன் பல வார்ப்புகளில் ஃபிளாஷ் 4 மெகாபைட்தான். இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு 8 மெகாபைட்டாவது வேண்டும், ராம் 64. பிராட்காம் வைஃபை சில்லு உள்ள பெட்டிகளையும் தவிர்ப்பது நல்லது. திறந்த மூல டிரைவர் சரியாக அமையாது. மீடியாடெக் சில்லுகள் ஒத்துப்போகும்.

ஆக, 100 மெகாபிட் அளவிலான இணைப்பில் நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியும், கேக் போன்ற முறைகளை இயக்கும் அதன் எஸ்கியூஎம் பொதியும் போதும். வேகத்தை இணைப்பின் 90 விழுக்காட்டில் கட்டினால் வரிசை கலையும். அதற்கு மேல், 500 மெகாபிட், ஒரு கிகாபிட் என்று போனால் மலிவான பெட்டியின் சிபியு இந்தக் கணக்கில் திணறும். அங்கே வன்பொருள் வலுவுள்ள பெட்டி தேவை. ஏசுஸ் வைத்திருப்பவருக்கு நடுவழி ஒன்றும் உண்டு: கனடாவின் எரிக் சோவாஜோ பராமரிக்கும் ஏசுஸ்டபிள்யூஆர்டி-மெர்லின், 2021 முதல் பல மாடல்களில் கேக்கைத் தருகிறது.

செம்பனைக்குள் தள்ளி நிற்கும் தோட்ட வீடுகளுக்கு ஃபைபர் எட்டாவிட்டால் 4ஜி, 5ஜி இணைப்புதான் கதி. அதன் வேகம் மணிக்கு மணி மாறுவதால், ஒரே எண்ணில் கட்டும் எஸ்கியூஎம் அங்கே முழுப் பலன் தராது. கேமிங் பெட்டிக்கும் அங்கே தனி மந்திரம் இல்லை. பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்துப் பார்ப்பது இலவசம்.

எதை ஏற்றினாலும், பழையதை அழிக்கும் முன் மூன்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: விலேன் எண், '@யூனிஃபை' என்று முடியும் பயனர் பெயர், அதன் கடவுச்சொல்.