குகையிருளில் கண்ட கடிகாரம்

மனத்தின் பிணிக்கு வெளிச்சமும் மருந்தாகும் என்றால், நம்மில் பலர் அதனை உருவகம் என்றே கொள்வோம். ஆயினும் அதற்கு ஓர் அறிவியல் வரலாறு உண்டு. அதன் ஒரு பக்கம் மதுரையில் எழுதப்பட்டது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் (1937–2009) உயிர்களின் உட்கடிகாரத்தை ஆராய்ந்தார். நகரை அடுத்த குகையொன்றில் வாழும், பூச்சி உண்ணும் வௌவால்களை அவரும் அவர்தம் மாணவர்களும் இதற்கெனத் தேர்ந்தனர். கதிரவன் எட்டிப் பாராத இருளில் தொங்கும் இவை அந்தி சாய்ந்ததை எங்ஙனம் அறிகின்றன? 1981இல் விடை வெளியாயிற்று. குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால், தன் இனத்தாரின் போக்குவரவைக் கொண்டே நேரம் தவறாது விழித்தது. துணையற்ற குகையில் தனித்திருந்ததோ நாளுக்கு நாள் நேரம் பிறழ்ந்தது. 1984இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது: அரை மில்லிநொடியே நீடித்த பேரொளி, அவ்வௌவாலின் உட்கடிகாரத்தையே நகர்த்தி வைத்தது.

அதே 1984இல், அமெரிக்காவில் நார்மன் ரோசந்தாலும் அவர் குழுவினரும் குளிர்காலந்தோறும் மனச்சோர்வுக்கு ஆளாவோரைச் செறிந்த ஒளியின் முன் அமர்த்திப் பயன் கண்டதை வெளியிட்டனர்.

எண்ணச் சுழற்சி நோய்க்கும் ஒளி உதவுமா? கை கழுவிக் கழுவியே தோல் உரிந்தோரும், பூட்டிய கதவைப் பலமுறை இழுத்துப் பார்ப்போரும், அறிக்கையிட்ட பாவத்தையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு அமைதி காணாதோரும் நம் பங்குகளில் உள்ளனர். கடைசியாகச் சொன்னதைப் பக்தி என்று ஊரார் மெச்சுவதும் உண்டு! 1522இல் மன்ரேசாவில் இத்தகைய நெருடல், புனித இஞ்ஞாசியாரை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை துரத்திற்று.

இந்நோயாளர் சிலரின் உறக்கம் நள்ளிரவைத் தாண்டிப் பின்தள்ளிப் போவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். பிந்திய உட்கடிகாரத்தைக் காலை ஒளி முன்னே இழுக்கும். ஆதலால் இவர்களிடமும் ஒளி சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கின்றனர். சோதனைகளோ சிறியவை. அஞ்சுவதை எதிர்கொண்டு, செய்யத் தூண்டும் செயலைச் செய்யாதிருக்கப் பழக்கும் உளப்பயிற்சியும், செரட்டோனின் சார்ந்த மருந்துகளுமே இன்றும் முதன்மைச் சிகிச்சை. ஒளிப்பெட்டி விற்பவர் இதைச் சொல்லுவது அரிது.

அப்பெட்டி தரும் 10,000 லக்ஸ் ஒளியை வைகைச் சமவெளியின் காலை வெயில் விலையின்றித் தருகிறது. நோயாளியை உள்ளறையில் மறைத்து வைக்கும் வீட்டில் அவருக்கு அவ்வெயிலும் இல்லை, வௌவாலுக்கு வாய்த்த துணையும் இல்லை. பெட்டியோ வெயிலோ, அளவும் நேரமும் மருத்துவர் சொல்லவேண்டியவை. விழித்திரை நோய் உள்ளோர்க்கு ஒளி சிகிச்சை தீங்காகலாம். இருமுனை மனநோய் உள்ளோர்க்குப் பித்தெழுச்சியைத் தூண்டலாம்.