ஜுதரீயும் ஹஸ்பாவும்: குழந்தை மருத்துவத்தில் முன்னோர் விட்டுச் சென்ற பாடம்

நம் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இன்றும் இருக்கிறது. நம் மக்களின் கையில் அத்தழும்பு இல்லை. பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குத்த வேண்டிய தேவையும் அற்றுப்போயிற்று. ஒரு தலைமுறையின் தழும்பு அடுத்த தலைமுறைக்கு வேண்டாததாகியதன் பின்னால் ஆயிரமாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்க ஏடுகளுள் சில அரபு மொழியில் எழுதப்பட்டவை என்பதை அரபுக் கல்லூரிகளில் ஓதும் நம் மாணவர்களிலேயே பலர் அறியார்.

ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கிய முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (மறைவு ஹிஜ்ரி 313 / கி.பி. 925) இயற்றிய ‘கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா’ 14 இயல்களைக் கொண்ட சிறு நூல். ஜுதரீ என்பது பெரியம்மை. ஹஸ்பா என்பது தட்டம்மை. தமிழில் நாம் இரண்டையும் ‘அம்மை’ என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். அர்ராஸீயோ இரண்டையும் அடையாளங்களால் பிரித்துக் காட்டினார். முதுகுவலி பெரியம்மையில் மிகுதி. மனக்கலக்கமும் குமட்டலும் தட்டம்மையில் மிகுதி என்று நோயாளியின் அருகிலிருந்து கண்டு எழுதினார். கண்ணையும் தொண்டையையும் காப்பதற்குத் தனி இயல் வகுத்தார். எவ்வகை நோய் தேறும், எவ்வகை உயிருக்கு ஆபத்தானது என்பதைக் கூறி நூலை முடித்தார்.

இளமையில் குருதி, திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்குவதுபோல் பொங்குவதால் இந்நோய் வருகிறதென்பது அவர் கொள்கை. அது பிழையெனப் பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அவர் கண்ணால் கண்டு எழுதியவை நிலைத்தன. ஜாலீனூஸ் போன்ற பேராசானையும் கண்மூடிப் பின்பற்றாத அந்நூல் இலத்தீனிலும், 1848இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. தட்டம்மை கண்ணைக் கெடுக்கக்கூடும் என்பதாலும் இன்றும் அந்நோய் கண்ட குழந்தைக்கு மருத்துவர்கள் ‘ஏ’ உயிர்ச்சத்து கொடுக்கின்றனர்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், குழந்தை பராமரிப்புக்கென்றே ‘ஸியாஸத்துஸ் ஸிப்யான் வ தத்பீருஹும்’ என்ற நூலை 22 இயல்களில் யாத்தார். பிறந்த குழந்தையின் பராமரிப்பு, பால், பாலூட்டுபவள் ஆகியவற்றில் தொடங்கி, தலை முதல் கால் வரை வரும் நோய்களை விவரித்து, குழந்தையை ஒழுக்கத்தில் பயிற்றுவதில் நூல் முடிகிறது. இது 1968இல் தூனிஸில் அச்சேறியது. நோயாளியிடம் அவர் தம் கையால் பொருள் வாங்குவதில்லையாம். வாயிலில் ஒரு பணியாளரை அமர்த்தி மருந்து வழங்கச் செய்வாராம்.

இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428 / கி.பி. 1037) தம் ‘அல்கானூன்’ நூலின் முதற்பகுதியிலேயே பச்சிளங்குழந்தையின் பராமரிப்புக்கு இடம் தந்தார். தாய்ப்பாலே சிறந்தது என்றார். மென்மையாக ஆட்டுவதும் பாடித் துயிலவைப்பதும் குழந்தைக்கு நலம் பயக்கும் என்றார். தூளியும் தாலாட்டும் தமிழ்த் தாய்க்குப் புதியனவல்ல. இமாம் இப்னுல் கையிம் (மறைவு ஹிஜ்ரி 751 / கி.பி. 1350) ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ நூலில், பால்குடியை வெப்பமும் குளிரும் மிகாத பருவத்தில், திடீரென்றன்றிப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என அறிவுறுத்தினார். பாலூட்டுதலுக்கு முழுமையாக ஈராண்டு என்று திருமறை வரையறுத்திருப்பதை இவர்கள் அனைவரும் அறிந்தவர்கள். இன்றைய மருத்துவமோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவுடன் ஈராண்டும் அதற்கு மேலும் என்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802இல் இந்தியா வந்த வழி வியப்புக்குரியது. வியன்னாவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து பக்தாத், பின்னர் பஸ்ரா, அங்கிருந்து கப்பலில் பம்பாய். வெயிலில் மருந்து கெடாதிருக்க, வழியில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு என மாற்றிக் குத்தியும் கொண்டுவந்தனர். பம்பாயில் 14.06.1802 அன்று மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்ட்ஹால் கையில் அது பலித்தது; அவளிடமிருந்தே சென்னை உள்ளிட்ட பிற இடங்களுக்குப் பரவியது. அர்ராஸீ பணியாற்றிய பக்தாத் நகரின் வழியாகவே பெரியம்மைக்கான காப்பு நம்மை வந்தடைந்தது. பின்னாளில் கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிறுவனம் தென்னாட்டின் அம்மைப்பால் தேவையை நிறைவு செய்தது.

இவ்வளவு அறிந்த சமுதாயம் எவ்வாறு நடந்துகொண்டது? 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. உடனே கைப்பேசிகளில் வதந்திகள் பறந்தன. அவற்றை நம்பிய பெற்றோர் எல்லாச் சமுதாயத்திலும் இருந்தனர், நம்மிலும் இருந்தனர். ஹஸ்பாவை உலகுக்கு இனம்காட்டிய மரபின் வாரிசுகள், ஹஸ்பாவின் தடுப்பூசிக்கு அஞ்சியது வருந்தத்தக்கது.

பிறரை மட்டும் குறை கூறுவது நீதியன்று. சில ஆண்டுகளுக்கு முன், வேங்கிக்காலில் நம் அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தது. தாய் அலறியபடி நம் வாயிலுக்கு ஓடிவந்தார். நாம் ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ‘உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்’ என்று கூற மறந்தோம். ஓதிவிட்டதால் ஆறுதலடைந்த குடும்பம் மறுநாள் காலை வரை காத்திருந்தது. அல்லாஹ்வின் அருளால் குழந்தை பிழைத்தது. குழந்தைகளின் இழுப்பை அரபு மக்கள் ‘உம்முஸ் ஸிப்யான்’ என்று அழைத்தனர். சிலர் அதை ஜின்னின் தீண்டல் என்றனர். ஆனால் அர்ராஸீ குழந்தை நோய்கள் பற்றிய தம் சிறு நூலில் அதனை நோய்களின் வரிசையிலேயே வைத்தார். அந்நூலைப் பற்றி வகுப்பறையில் பேசும் நாமே வாயிலில் அதை மறந்தோம். ஓதுதல் நபிவழி, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபி (ஸல்) அவர்களின் கட்டளையே. ஒன்று மற்றொன்றைத் தடுப்பதற்கன்று.

ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறோம். நோயற்ற நாளிலும் குழந்தையை மருத்துவரிடம் காட்டி எடை பார்க்க வேண்டும். பிறந்தவுடன் காசநோய், போலியோ, மஞ்சள் காமாலைத் தடுப்பு மருந்துகள்; 6, 10, 14 வாரங்களில் தொடர் ஊசிகள்; 9 மாதம் நிறைந்ததும் ஒன்றும், 16 மாதத்திற்கு மேல் மற்றொன்றுமாக இரு தவணை தட்டம்மை, ரூபெல்லா ஊசி. இவை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவுவது ஆபத்தானது. தஹ்னீக்கிற்குத் தேனைப் பயன்படுத்துவோர் இதைக் கருத்தில் கொள்க.

குழந்தை பால் குடிக்க மறுத்தல், உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், இழுப்பு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு ஆகிய நான்கில் ஒன்று தோன்றினும் காத்திருத்தல் கூடாது. மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குவதும் அவ்வாறே. நிமிடத்திற்கு மூச்சு, இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்குள் 50, ஐந்தாண்டுக்குள் 40 என்ற அளவை எட்டினாலோ மிஞ்சினாலோ மருத்துவரை நாட வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் சிறிதாயினும் உடனே கொண்டு செல்க. வயிற்றுப்போக்கில் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடங்கித் தாய்ப்பாலைத் தொடர்க; கண்கள் குழிவிழுந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ விரைக. இழுப்பு வந்த குழந்தையை ஒருபக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணித்தல் ஆகாது. அழைக்க வேண்டிய எண் 108.

இமாம்களும் உஸ்தாதுகளும் இச்செய்திகளை ஜும்ஆ மேடையில் எடுத்துரைத்தால், அது அர்ராஸீக்கும் இப்னுல் ஜஸ்ஸாருக்கும் நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும். குழந்தை அமானிதம், அமானிதத்தைக் காக்கத் தவறியவன் அதைப் பற்றிக் கேட்கப்படுவான். அக்கேள்விக்கு அஞ்சியே, அந்நாள் முதல் ஓதிய கையோடு வண்டிக்கும் சொல்லியனுப்புவதை நாம் வழக்கமாக்கிக் கொண்டோம்.