‘ஹூ’வும் ‘விச்’சும் செய்துகொண்ட விண்ணப்பம்

1711-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில், ‘ஹூ’, ‘விச்’ என்னும் இரு ஆங்கிலப் பிரதிப்பெயர்கள், தங்களுக்குரிய ஸ்தானத்தை ‘தட்’ என்னும் அற்பன் அபகரித்துக்கொண்டதாக முறையிட்டு ஒரு விண்ணப்பம் செய்துகொண்டன. ரிச்சர்ட் ஸ்டீல் விநோதார்த்தமாக எழுதியதே எனினும், சரித்திரத்தைத் தலைகீழாக நிறுத்திய விண்ணப்பம் அது. ஏனெனில் மூன்றிலும் மூத்தது ‘தட்’. மற்ற இரண்டும் வினாச்சொற்களாக இருந்து, பிற்காலத்தில் வாக்கியங்களை இணைக்கும் உத்தியோகத்துக்கு வந்தவை. ‘விச்’ அஃறிணைக்கே உரியது என்ற விதியும் பழமையானதன்று. 1611-இல் அச்சான ஆங்கில வேதாகமம், பரமண்டலத்திலுள்ள பிதாவையே அச்சொல்லால் குறிப்பிடுகிறது.

இத்தகைய விதிகளுக்கெல்லாம் சாஸ்திர அந்தஸ்து அளித்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர், பின்னர் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லௌத். 1762-இல் அவர் வெளியிட்ட சிறிய இலக்கண நூலின் ரஸம் முழுவதும் அடிக்குறிப்புகளில்தான் இருக்கிறது. வழுவுக்கு உதாரணம் தேடி அவர் பள்ளிப் பிள்ளைகளிடம் போகவில்லை. ஷேக்ஸ்பியர், ஸ்விஃப்ட், அடிசன் முதலிய மகாவித்வான்களின் வாக்கியங்களையே எடுத்து, இங்கே ‘ஹூம்’ வந்திருக்க வேண்டும், இங்கே ‘நைதர்’ என்பதற்கு ‘நார்’ ஜோடியாக வந்திருக்க வேண்டும் என்று கூசாமல் திருத்தினார். இணைப்புப் பிரதிப்பெயரைவிட்டுப் பிரிந்து வாக்கியக் கடைசியில் நிற்கும் முன்னிடைச்சொல், கம்பீரமான நடைக்கு ஏற்றதன்று என்று அவர் கருதினார்; ஆனால் அந்த அபிப்பிராயத்தைச் சொல்லிய வாக்கியத்தின் முதற்பகுதியே அவ்வாறுதான் முடிந்திருக்கிறது. அறிந்தே செய்த குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லௌத்திடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டு 1795-இல் லிண்ட்லி மரே இயற்றிய இலக்கணம், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பள்ளிக்கூடங்களை ஆண்டது. பிழையான வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் முறையை, நியூகாஸில் ஆசிரியை ஆன் ஃபிஷர் முன்னமே கையாண்டிருந்தார். மரே 1797-இல் அதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார்.

அந்த முறையே நெஸ்ஃபீல்டு, ரென்–மார்ட்டின் இலக்கணப் புத்தகங்களின் வழியாக நம் நாட்டு வகுப்பறைகளிலும் குடிபுகுந்தது. ‘நேற்று வந்த மனிதன்’ என்று ஒரு பெயரெச்சத்தால் காரியத்தை முடித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு, ‘ஹூ’வா ‘விச்’சா என்ற சங்கடமே புதிது. ‘தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே அவன் ‘பட்’ போட்டுவிட்டால் சிவப்பு மை பாய்ந்தது. இத்தனைக்கும் அதே இடத்தில் ‘யெட்’ என்ற மற்றொரு இணைப்புச்சொல்லை ஜோடி சேர்ப்பதே முறை என்று விதித்திருந்தார் லௌத்.