நொதியும் நொய்யலும்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. வீரபாண்டியும் அதற்குத் தப்பவில்லை. நொய்யலின் துயரத்தைச் சாயத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். ஆனால் சாயமேற்றும் முன்பே, பருத்தியிழையின் மெழுகுப் படலத்தை நீக்கக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறார்கள்.

அம்மெழுகில் கொழுப்பமிலமும் ஆல்கஹாலும் கூடிய எஸ்டர்கள் உண்டு. எஸ்டரை நீர்கொண்டு பிளக்கும் நொதிகள் இயற்கையில் ஏராளம்; இலைத்தோலைத் துளைக்கும் பூஞ்சைகளின் கியூட்டினேஸ் அவற்றுள் ஒன்று. மிதமான சூட்டிலேயே அது வேலை செய்யும்.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டரும் எஸ்டர் சங்கிலியே. ஜப்பானிய இலைமக்கில் கிடைத்த கியூட்டினேஸ் அதையும் வெட்டுவது 2012இல் வெளியாயிற்று.

ஆயினும், ஆற்றைக் கரிக்கச் செய்த உப்பில் எஸ்டர் இல்லை. நொதி காரத்தைக் குறைக்கலாம். உப்பை மனிதரே தடுத்தாக வேண்டும்.