மலையில் பிறந்த பெயர்

கச்சேரி என்றால் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவது என்றுதான் என் போன்றவர்களுக்குப் பழக்கம். நின்றுகொண்டே கேட்கிற கச்சேரிக்கு அறுபது வயதுக்கு மேல் நான் போவேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2018-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி அது நடந்தது. அந்தச் சமயம் தமிழ்நாடு முழுவதும் பஸ் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். கோயமுத்தூரில் காலையில் ரயில் ஏறிப் பிற்பகலில் சென்னை போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு வந்திருந்த என் தங்கை மகன் பெட்டியை வாங்கிக்கொண்டதுமே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, சாயங்காலம் கீழ்ப்பாக்கத்துல ஒரு ராக் பாண்டு கச்சேரிங்க. நீங்களும் வரோணும்."

"அந்த இரைச்சலை என்ற காது தாங்குமா, மாப்ளே?"

"இது நம்ம பறைச் சத்தமுங்க. தாங்கும்."

அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. மேடையில் 19 பேர், கோட்டும் சூட்டுமாக நின்றார்கள். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. ஒரு பக்கம் கிட்டாரும் டிரம்ஸும். மறு பக்கம் பறை, சட்டி, கட்ட மோளம். டைரக்டர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய கோஷ்டி. சினிமா டைரக்டர் முன்நின்றாலும் பாட்டுகள் சினிமாவுக்கு எழுதியவை அல்ல. வடசென்னையின் சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடிய கானா, அங்கே ராக் இசையோடு தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றிக்கூடப் பாட்டு!

பறையில் முதல் அடி விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'யார் வீட்டில் எழவு?' என்று மனசு தன்னையறியாமல் கேட்டது. கொங்கு நாட்டில், எங்கள் ஊர்ப்பக்கத்தில், அந்த ஓசையை நான் பெரும்பாலும் இழவு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன். இங்கேயோ பிள்ளைகள் கைகளை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கோஷ்டியின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இங்கிலீஷ் மோகம் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தபோது, அது அயோத்திதாச பண்டிதர் பேசிய 'சாதி இல்லாத தமிழர்கள்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

பண்டிதர் 1845-இல் பிறந்தவர், 1914-இல் மறைந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். ஆசிரியர் மீதிருந்த மரியாதையால் அவருடைய பெயரைத் தமதாக்கிக் கொண்டார். சித்த வைத்தியர். ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது, தம் மக்களைச் சாதியற்ற தமிழர் என்று பதியுமாறு வற்புறுத்தினார். 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

இதில் என்னைத் திகைக்க வைத்தது வேறொரு விஷயம். அவர் இளமையில் வாழ்ந்ததும், பொது வாழ்வைத் தொடங்கியதும் நீலகிரியில்! வானம் தெளிந்த காலை வேளையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற அதே மலை. 1891 டிசம்பர் முதல் தேதி, ஊட்டியில், திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. அப்போது மலை ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அது ஓடியதே 1899-இல்தான். மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள். சாதிப் பெயரை வசைச் சொல்லாக வழங்குவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது என்பது இன்னொன்று.

கிணறு என்றதும் என் நினைவு அப்புச்சி வீட்டுக்குப் போய்விட்டது. 1960-களின் தொடக்கம், எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மிச்சி இறந்த அன்று பறையடிக்க ஒரு பெரியவர் வந்தார். வாசலுக்கு வெளியே சோளத்தட்டைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். பகலெல்லாம் அடித்தார். தாகத்துக்குக் கிணற்றடிக்குப் போக முடியாது. யாராவது வந்து உயரத்திலிருந்து கையில் ஊற்றும்வரை நின்றார். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-லேயே வந்தாகிவிட்டது. ஊட்டியில் தீர்மானம் போட்டு எழுபது வருஷம் ஆகியிருந்தது. மலையில் பேசிய பேச்சு அடிவாரத்துக் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை.

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது இதை மருமகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், "அந்தப் பெரியவர் பேர் என்னங்க, மாமா?" என்றான்.

நாவல் எழுதுகிறவன் நான். இல்லாத மனிதர்களுக்கெல்லாம் யோசித்து யோசித்துப் பெயர் வைத்தவன். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொங்கலுக்கு அப்புச்சி ஊருக்குப் போனபோது வயதானவர்கள் மூவரிடம் விசாரித்தேன். மூவருக்கும் அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. அவருடைய அடியைப் போல் இனி ஒருவன் அடிக்க மாட்டான் என்றுகூடச் சொன்னார்கள். பெயரைக் கேட்டால் மூவரும் சாதியைச் சொன்னார்கள்.

பெயர் தெரிய வேண்டுமானால் அவருடைய தெருவில் போய்த்தான் கேட்க வேண்டும். சிறு வயதிலிருந்து எத்தனையோ விடுமுறைகளை அந்த ஊரில் கழித்தவன், அந்தத் தெருவுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.