புனித லாரன்சின் கண்ணீர்

ஆகஸ்ட் 10-ஆம் நாள் திருச்சபை புனித லாரன்சின் விழாவைக் கொண்டாடுகிறது. கி.பி. 258-இல், வலேரியன் பேரரசனின் காலத்தில், உரோமையில் உயிர்நீத்த திருத்தொண்டர் அவர். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு ஆட்சியாளர் கேட்டபோது, ஏழைகளைத் திரட்டிச் சென்று, 'இவர்களே அச்செல்வம்' என அவர் காட்டியதாக மரபு கூறுகிறது. இரும்புக் கட்டிலில் தீயிலிட்டு வாட்டப்பட்டார் என்பதும் அம்மரபே. அவருடைய விழாவையொட்டிய இரவுகளில் வானிலிருந்து ஒளித்துளிகள் உதிர்வதைக் கண்ட ஐரோப்பியக் குடியானவர்கள், அவற்றைப் 'புனித லாரன்சின் கண்ணீர்' என்று அழைத்தனர்.

கற்றறிந்தோர் இதனைக் கணக்கிலெடுக்க நெடுங்காலமாயிற்று. 1833 நவம்பரில் வட அமெரிக்க வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்த பின்னரே அறிஞர்களின் கவனம் இதன்பால் திரும்பியது. ஆகஸ்ட் பொழிவு ஆண்டுதோறும் மீண்டும் வருவதைப் பெல்ஜிய அறிஞர் கெத்லே அடுத்த சில ஆண்டுகளில் எடுத்துரைத்தார். உழவர்களோ அதனை முன்பே அறிந்திருந்தனர்!

காரணத்தைக் கண்டவர் மிலான் நகர வானியலார் ஸ்கியாப்பரெல்லி. ஆகஸ்ட் எரிமீன்களின் பாதையும், 1862-இல் தோன்றிய ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீனின் பாதையும் ஒன்றே என அவர் நிறுவினார். வால்மீன் தன் வழியெங்கும் உதிர்த்துச் சென்ற துகள்களின் ஊடே நமது பூமி ஆண்டுக்கொருமுறை கடக்கிறது. மணலளவேயான துகள், நொடிக்கு ஏறத்தாழ 59 கிலோமீட்டர் விரைவில் காற்றில் பாய்ந்து, ஒளிர்ந்து அழிகிறது.

இக்கண்டுபிடிப்பை அவர் வெளியிட்ட முறை நம் சிந்தனைக்குரியது. 1866-இல் அதனை அவர் கடிதங்களாக வரைந்தார். அவற்றைப் பெற்றவர் உரோமைக் கல்லூரி வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி. அந்நாளில் மிலான் புதிய இத்தாலிய அரசுக்கு உட்பட்டது. உரோமையோ திருத்தந்தையின் ஆட்சியில் இருந்தது. நான்கே ஆண்டுகளில், 1870-இல், அவ்வரசின் படை உரோமைக்குள் புகுந்தது. பகைமை மூண்டிருந்த அக்காலத்தில், ஓர் அரசு ஊழியரும் ஒரு குருவும் ஒரே வானைப் பற்றி உரையாடினர். உண்மையைத் தேடுவோர்க்கு எல்லைக்கோடு தடையாகவில்லை.

எரிமீனை முதன்முதலில் நிழற்படமாகப் பதித்தவர் வைனெக். 1885 நவம்பர் 27 அன்று, பிராகு நகரில். எரிமீன் எங்குத் தோன்றும் என எவரும் அறியார். ஆகவே நிழற்படக் கருவியின் வாயிலைத் திறந்து வைத்துக் காத்திருப்பதே வழி. இன்றும் அவ்வாறே. விழித்திருங்கள் என்ற ஆண்டவரின் அழைப்பை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

இப்பொழிவு இன்று ஆகஸ்ட் 12, 13 நாள்களில் உச்சமடைகிறது. நள்ளிரவுக்குப் பின் வடகிழக்கு வானம் தெளிந்திருந்தால் நாமும் காணலாம். துகளின் கதையை அறிந்தவர், எளிய மக்கள் சூட்டிய பெயரை எள்ளி நகையாட வேண்டியதில்லை. அப்பெயர் நம்மிடம் வேறொன்றைக் கேட்கிறது. கூரையின்றி அதே வானின்கீழ் உறங்குவோரே லாரன்ஸ் காட்டிய செல்வம். விண்ணை நோக்கி உயரும் நம் கண்கள், தாழும்போது அவர்களையும் காணட்டும்.