ஆட்டம் தொடங்கும் முன் அசைவு: சடுகுடு விதிகளும் அமெரிக்கக் கால்பந்தும்

இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று ஆடும் விளையாட்டுகளில், ஆட்டம் தொடங்கும் நொடிக்கு முன் யார் அசையலாம், எந்தக் கோட்டை எப்போது தாண்டலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. தமிழ்நாட்டில் சடுகுடு என்றும் பலிஞ்சடுகுடு என்றும் வழங்கி இன்று கபடி என்று அறியப்படும் விளையாட்டில், இந்த விதியைக் காத்து நின்றது பாடுபவரின் மூச்சு. அமெரிக்கக் கால்பந்தில் அதைக் காப்பது அசையாமல் நிற்கும் ஒரு விநாடி. இரண்டும் வந்த வழி வேறு. அந்த வழிகளைச் சொல்வதே இக்கட்டுரை.

பாட்டும் நடுக்கோடும்

கபடியில் எதிரணிக் களத்துக்குச் செல்பவர் நடுக்கோட்டைத் தாண்டி அந்த மண்ணை மிதிப்பதற்கு முன்பே, தன் பாதியில் இருக்கும்போதே, காதில் விழும்படி ‘கபடி கபடி’ என்று பாடத் தொடங்கிவிட வேண்டும். மிதித்த பிறகு தொடங்கினால் அது தாமதப் பாட்டு. நடுவர் அவரைத் திருப்பி அனுப்புவார்; பாடும் முறை எதிரணிக்குப் போய்விடும். உள்ளே போன பின் பாட்டு அறுந்தால் அவர் அவுட். ஒருவருக்கு மேல் சேர்ந்து நுழைந்தால் எல்லாரும் திரும்ப வேண்டியதுதான். பாடப் போனவர் திரும்பியதும், அல்லது பிடிபட்டதும், மற்ற அணி 5 விநாடிக்குள் தன் ஆளை அனுப்பியாக வேண்டும்.

தடுத்து நிற்கும் ஏழு பேருக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் கை கோத்துச் சங்கிலியாக நகரலாம், பின்வாங்கலாம், மூலைக்கு ஒதுங்கலாம். ஒன்று மட்டும் கூடாது. பாடுபவர் களத்தில் இருக்கும்போது அவர்களில் ஒருவர் நடுக்கோட்டுக்கு அப்பால் காலை வைத்துவிட்டால், பிடிக்க வந்தவரே அவுட்.

பலர் கவனிக்காத ஒன்று இதில் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கும் கால்பந்தில் விசிலுக்கும் நடுவரை எதிர்பார்க்கிறோம். சடுகுடுவில் ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றையும் தொடங்கி வைக்கும் ஒலி ஆடுபவரின் வாயிலிருந்தே வருகிறது. அவர் எப்போது தொடங்கினார், எப்போது மூச்சு விட்டார் என்பதை எதிரே நிற்கும் ஏழு பேரும், கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் கூட்டமும் கேட்க முடியும். கடிகாரம் இல்லாத ஊரிலும் ஆடக்கூடிய விதி அது.

எழுத்தில் வந்த விதிகள்

ஊருக்கு ஊர் மாறிக் கிடந்த இந்த ஆட்டத்துக்கு எழுத்து விதி முதலில் உருவானது மராட்டியப் பகுதியில்தான். அங்கே அதன் பெயர் ஹுதூதூ. சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூன்று வகைகள் வழக்கில் இருந்தன. அவுட் ஆனவர் தன் அணி புள்ளி எடுக்கும்போது உயிர் பெற்றுத் திரும்புவது சஞ்சீவனி. திரும்பவே முடியாதது காமினி. யாரும் வெளியேறாமல் புள்ளி மட்டும் எண்ணுவது அமர். இன்றைய கபடி பெரும்பாலும் சஞ்சீவனியின் வழி வந்தது. 1923-ல் திருத்திய விதிகளோடு பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே ஆடிக் காட்டியது.

1950-ல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு அமைந்தது. அதன் பின் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி நடந்த ஊர் சென்னை. பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1955-ல் கல்கத்தாவில் நடந்தது. 1962-ல் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு கபடியைச் சேர்த்துக்கொண்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய மாற்றம் என்பேன். சாயங்காலம் மணலில் ஆடிய ஆட்டம் சான்றிதழ் தரும் ஆட்டமாயிற்று. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய போட்டியாக நுழைந்தது.

‘கைப்பிடி’ என்ற தமிழ்ச் சொல்லே கபடி ஆனது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் அதை இழுக்க வேண்டியதில்லை.

எழுத்து விதி வந்தபோது ஒன்று போயிற்று. சடுகுடுவில் பாடுபவர் தனக்குப் பிடித்த அடிகளை, எதிரணியைச் சீண்டும் வரிகளை, இழுத்துப் பாடுவார். ஊருக்கு ஊர் வேறு பாட்டு. தேசியப் போட்டியில் நடுவருக்கு எல்லா மொழியும் தெரியாது. அறுந்ததா தொடர்ந்ததா என்று தீர்ப்புச் சொல்ல ஒரே சொல் தேவைப்பட்டது. அதனால் ‘கபடி’ என்ற சொல் மட்டும் மிஞ்சியது. விதிக்கு அது நல்லது. பாட்டுக்கு நல்லதல்ல.

அமெரிக்கக் கால்பந்தில் அசையாமை

அமெரிக்கக் கால்பந்தை நம் மாணவர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். பந்து தரையில் இருக்க, மற்றவர்கள் உறைந்து நிற்க, ஒருவர் மட்டும் பக்கவாட்டில் ஓடுவது ஏன் என்று கேட்கிறார்கள். நடுவில் குனிந்திருப்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பதற்கு ஸ்னாப் என்று பெயர். நம் ஆட்டத்தில் பாட்டு செய்யும் வேலையை அங்கே ஸ்னாப் செய்கிறது: அதோடு அந்தச் சுற்று தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்னாப்புக்கு முன் ஓடுவதற்குப் பெரிய தடை இல்லை. 1892 நவம்பரில் யேல் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹார்வர்டு அணி ‘பறக்கும் ஆப்பு’ என்ற உத்தியைக் கொண்டுவந்தது. அதை வகுத்த லோரின் டீலண்ட் கால்பந்து ஆடியவரல்ல, சதுரங்கப் பிரியர். பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே வீரர்கள் இரு பக்கமிருந்தும் ஓடிவந்து ஆப்பு வடிவில் சேர்ந்து, முழு வேகத்தில் ஒரே எதிராளி மேல் மோதினார்கள். அவர் நின்ற இடத்தில் நிற்கிறார். மோதுபவர்கள் ஏற்கெனவே வேகம் எடுத்து வருகிறார்கள். அடி எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தில் யேல்தான் 6–0 என்று வென்றது; ஆனாலும் உத்தி மற்ற கல்லூரிகளுக்குப் பரவியது. 1894-ல் பந்து ஆட்டத்துக்கு வருமுன் மூன்று பேருக்கு மேல் ஓடத் தொடங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள்.

அது போதவில்லை. 1905 பருவத்தில் குறைந்தது 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இறந்தவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அந்த அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் வந்த விதிகளில் இரு அணிகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் வைக்கப்பட்டது. ஸ்னாப் ஆகும்வரை அதற்குள் யாரும் வரக்கூடாது. பந்தை முன்னால் எறியவும் அனுமதி கிடைத்தது.

அடுத்த தொல்லை பயிற்சியாளர்களின் சாமர்த்தியம். 1920-களில் நோட்டர் டேம் கல்லூரியின் நூட் ராக்னி, தன் பின்வரிசை வீரர்கள் நால்வரையும் ஒரே தாளத்தில் இடம் மாறச் செய்து, கால் நிற்கும் முன்பே பந்தை எடுக்க வைத்தார். அதற்கு மறுமொழியாக வந்ததே, இடம் மாறியவர்கள் முழுதாக ஒரு விநாடி நிற்க வேண்டும் என்ற விதி.

இன்று அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் ஸ்னாப் நேரத்தில் தாக்கும் அணியில் ஒருவர் மட்டுமே அசையலாம். அவரும் பக்கவாட்டிலோ பின்னாலோதான் போகலாம், எதிரணிக் கோட்டை நோக்கிப் போகக் கூடாது. இருவர் அசைந்தாலோ, ஒரு விநாடி நிற்காமல் தொடங்கினாலோ, வரிசையில் குனிந்திருப்பவர் ஸ்னாப் ஆனது போல உடலை வெட்டி எதிரணியை ஏமாற்றினாலோ தண்டனை 5 கெஜம். நாம் துணி அளந்த அதே கெஜம்தான், சுமார் 4.6 மீட்டர் பின்னால் போக வேண்டும். தடுக்கும் அணி கோட்டைத் தாண்டி நின்றாலும் அதே 5 கெஜம். கனடாவில் விதி தளர்வு: அங்கே பின்வரிசையினர் பலர் ஒரே நேரத்தில், முன்னோக்கியும் ஓடி வரலாம்.

அந்த ஒருவர் எதற்கு ஓடுகிறார்? எதிரணியைப் படிப்பதற்கு. அவர் பின்னாலேயே ஒரு தடுப்பாளர் ஓடினால் அவர்கள் ஆளுக்கு ஆள் காவல் நிற்கிறார்கள். யாரும் ஓடாமல் வரிசை சற்று நகர்ந்தால் இடத்தைக் காக்கிறார்கள். 1940 இறுதி ஆட்டத்தில் சிகாகோ பியர்ஸ் அணி வாஷிங்டனை 73–0 என்று வென்றதில் இந்த அசைவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இலங்கைத் தமிழர் ஆடும் கிளித்தட்டு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் மறிப்பவர்கள் குறுக்குக் கோட்டில்தான் நகரலாம். ‘கிளி’ ஒருவருக்கே நடுக்கோட்டில் ஓடும் உரிமை.

சடுகுடுவில் இந்தப் படிப்பு நடுக்கோட்டுக்கு அப்பால் நடக்கிறது. பாடுபவர் உள்ளே போய் இடதுபக்கம் இரண்டு அடி எடுத்து வைப்பார். எந்தச் சங்கிலி நகர்ந்தது, எந்த மூலை உறைந்து நின்றது என்று பார்த்துக்கொண்டு வலதுபக்கம் திரும்புவார். ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் கோட்டை அவர் ஒரு தடவையாவது தாண்டவோ, யாரையாவது தொடவோ வேண்டும். இல்லாவிட்டால் வெறுமனே திரும்பினாலும் அவுட். அதாவது, எட்ட நின்று படித்துவிட்டு வந்துவிட முடியாது.

மூச்சிலிருந்து கடிகாரத்துக்கு

2014-ல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அது திரையில் ஓடுகிறது. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் புள்ளியின்றிப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரெய்டர் அவுட். பாட்டு விதி அழிக்கப்படவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கிறது. அரங்கின் இரைச்சலில் பாட்டைக் கேட்பவர் யார்?

கோவை–கரூர் நெடுஞ்சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் சந்திக்கும் அவிநாசிபாளையம் போன்ற ஊர்களில் கபடிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் பையன்கள், பெயரும் எண்ணும் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். அந்த விஷயத்தில் நம் பகுதிக்குக் குறையே இல்லை. பொங்கலை ஒட்டிய போட்டிகளில் சுண்ணாம்புக் கோடு, விளக்கு வெளிச்சம், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. சண்டை வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: மூச்சு விட்டானா இல்லையா, கோட்டுக்கு முன்னால் பாடினானா பின்னால் பாடினானா. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும்போது எந்த நடுவராலும் இதைத் தீர்க்க முடியாது. ரெய்டு நடக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும்.

இதைச் சிறு விஷயம் என்று தள்ள முடியாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியிலோ, காவல்துறையிலோ, ரயில்வேயிலோ இடம் தேடும் பிள்ளைக்கு மாவட்ட, மாநிலச் சான்றிதழ்தான் கையிருப்பு. அங்கே நடுவர் விதிப்புத்தகத்தோடு நிற்கிறார். ஊர்ப் போட்டியில் காலை வைத்துவிட்டுப் பாடப் பழகிய பையன் மாவட்டப் போட்டியில் முதல் ரெய்டிலேயே திருப்பி அனுப்பப்படுகிறான். ஆள் பிடிக்கும் வித்தையை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். கோட்டுக்கு முன் வாயைத் திறக்கச் சொல்லித் தருபவர் குறைவு. நடுக்கோட்டிலிருந்து இரண்டு அடி பின்னால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்தே பாட்டைத் தொடங்கி நடந்து வரச் செய்தால் சில வாரங்களில் பழகிவிடும். செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு.